தெரியாது என்றவள்

குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியைத் தரையில் வைக்கும் முன்பே கேட்டுவிடுவார்கள்: நாளைக்கு அருவியில் தண்ணீர் விழுமா? எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் இதற்குப் பதில் இல்லாமல் நின்று நான் பார்த்ததில்லை. சோடாக் கடைக்காரர் மேற்கே அண்ணாந்து பார்த்துவிட்டு, விடிவதற்குள் கொட்டிவிடும் என்பார். குதிரை வண்டிக்காரர் காற்று திரும்பிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்பார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கு முழங்கால் வலித்தால் மழை என்று ஒரு கணக்கு. பாதி நாள் எல்லாம் பொய்த்துப்போகும். போனால் என்ன, வெளியூர்க்காரன் திரும்பி வந்தா சண்டை பிடிக்கப்போகிறான்?

அப்படிப்பட்ட ஊரில் அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினாய் என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நகரமாட்டாள். தென்காசியில் லாட்ஜ்காரர் மகள் என்றால் எல்லாருக்கும் தெரியும். குற்றாலம் போகிற ரோட்டில் அவள் அப்பா சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்திவந்தார். சீசன் மாதங்களில் அவள் கல்லூரி விட்டு வந்ததும், முன் மேசையில் அவளை உட்காரவைத்துவிட்டு அவர் சாப்பிடப் போவார். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு குடும்பமாவது அறை எடுக்காமல் அடுத்த லாட்ஜுக்குப் போயிருக்கும்.

"விழும்னு ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி? உன் வாயில இருந்து முத்து உதிர்ந்திருமா?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"எனக்குத் தெரியாதுப்பா. உங்களுக்கும் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லுததுக்கு?"

இவ்வளவுதான் அவள். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் செய்த அழிச்சாட்டியங்களைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

குற்றாலத்தில் பெண்கள் கல்லூரியில் நாங்கள் பி.யு.சி. படித்தது எழுபதுகளின் நடுவில். ஒரே பெஞ்சு, ஒரே டவுன் பஸ். பஸ் வராத நாட்களில் நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். டயர் வெடித்துவிட்டது, டிரைவருக்குக் காய்ச்சல், செங்கோட்டையில் மறியல். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "யாரு சொன்னா?" என்பாள். யாரும் சொல்லவில்லை என்று ஆனதும், நனைந்த கொய்யாக்காயைக் கடித்தபடி நடக்க ஆரம்பித்துவிடுவாள். கையில் குடை இருக்கும், விரிக்கமாட்டாள். சாரலுக்கெல்லாம் குடை விரிக்கிறவள் தென்காசிக்காரியா என்று எங்களைக் கேலி செய்வாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவள் பின்னாலேயே நடப்பேன். அவளோடு நடந்தால் பயமில்லை.

இரண்டு பேருக்கும் டாக்டருக்குப் படிக்க ஆசை. அவளுக்கு அது ஆசைக்கும் மேலே. ஆலங்குளத்தில் கமிஷன் கடை வைத்திருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். சீட்டு கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம். அவளும் சரி என்றாள். பரீட்சை முடிவு வந்தபோது என்னைவிட அவளுக்கு மார்க் நிறையவே கூட இருந்தது. கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அந்தக் காலத்தில் மார்க் மட்டும் போதாது. இண்டர்வியூ என்று ஒன்று வைப்பார்கள். அதற்கு அவர்கள் போடுகிற மார்க்கில் மேலே இருக்கிறவள் கீழேயும் கீழே இருக்கிறவள் மேலேயும் போகலாம். எதற்கு எவ்வளவு போட்டார்கள் என்று கடவுளுக்கும் காட்டமாட்டார்கள். மதுரையில் நடந்தது. என் அப்பாவும் அவள் அப்பாவும் வராந்தாவில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இதயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தில் என் ஊரைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். அடுத்த வாரம் குடும்பத்தோடு குற்றாலம் வரலாம் என்றிருக்கிறாராம். தண்ணீர் விழுமா?

"கட்டாயம் விழும் சார். தாராளமா வாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

சற்று நேரம் கழித்து அவள் போனாள், வந்தாள். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது மெல்ல விசாரித்தேன். இதயம் அவளுக்கும் வந்திருக்கிறது. குற்றாலமும் வந்திருக்கிறது.

"நீ என்னட்டி சொன்ன?"

"தெரியாது சார்னு சொன்னேன்."

முன் சீட்டில் இருந்த அவள் அப்பா திரும்பிப் பார்த்தார். ராஜபாளையம் தாண்டும்வரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் சாரல் நின்றுபோய் அருவி பாறையாகக் காய்ந்து கிடந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் வந்தாரா, ஏமாந்து போனாரா, எனக்குத் தகவல் இல்லை.

முடிவு வந்தது. என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஆளுக்கொரு காரணம் தயார். பெரியவங்களை எதிர்த்துப் பேசிட்டா என்றது ஒரு கூட்டம். சிபாரிசு இல்லை என்றது இன்னொன்று. சனி பார்க்கிறது என்றார் ஜோசியர். சாயம் போன பாவாடை தாவணியில் போனாள், அதுதான் என்று என் சொந்தச் சித்தியே சொன்னாள். எனக்குக் கிடைத்ததற்கும் காரணங்கள் வந்தன. என் அப்பா யாரிடமோ சொல்லிவைத்திருந்தார். அவர் வேறு யாரிடமோ சொல்லியிருந்தார். இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, நான்தான் முடித்துக் கொடுத்தேன் என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். எதற்கு வம்பு என்று அப்பா இரண்டு பேர் வீட்டுக்கும் மாம்பழக் கூடை அனுப்பினார்.

மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண்கள் அவள் வீட்டுக்குப் போனார்கள். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சீட்டு கிடைத்த நான் அங்கே போய் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? ஆனால் போகாமல் இருந்தால் அதைவிடத் தப்பாகப் பேசுவார்கள். பக்கத்து வீட்டு மதினி தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி இட்லி அவித்து மூடி எடுத்துவந்திருந்தாள். அடுப்பு எரியாத வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவார்களோ அப்படி. அவள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, என்ன செய்ய, நம்ம கையில என்ன இருக்கு, இருந்தவரைக்கும் நல்லாத்தானே படிச்சா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருந்தவரைக்கும்! அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி கொண்டுவந்த மதினி எழுந்தாள். முந்தானையை உதறினாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். எங்கள் பக்கம் துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்படியே எழுந்து போய்விடவேண்டும். மதினி வேண்டுமென்று செய்யவில்லை. இட்லியும் பெருமூச்சும் அழுகையும் சேர்ந்தபோது கால் தானாகப் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. பின்னாலேயே மற்றவர்களும் அதேபோல எழுந்தார்கள்.

அவள் குறுக்கே வந்து வாசலில் நின்றாள்.

"என்ன மதினி, சொல்லாமப் போறிய?"

மதினிக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, ஏதோ ஞாபகத்துல என்று இழுத்தாள்.

"இல்ல, சரியாத்தான் செஞ்சிய. துட்டிக்கு வந்திருக்கிய. துட்டிக்கு வந்தவுக குளிக்காம அவுக வீட்டுக்குள்ள போகக் கூடாதுலா? வாங்க, எல்லாரும் அருவிக்குப் போவோம். செத்தது யாருன்னு வழியில சொல்லுங்க."

வீட்டுக்குள் போய்த் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அம்மா தடுக்கப் பார்த்தாள். நடக்கவில்லை. அருவியில் தண்ணீர் இருக்குமா என்று ஒருத்தி நழுவப் பார்த்தாள். "தெரியாது சித்தி, போய்ப் பாப்போம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பமாட்டீர்கள், அத்தனை பேரும் அவள் பின்னால் டவுன் பஸ் ஏறினோம். துட்டி வீட்டுக்குப் போனவர்கள் குளித்தே ஆகவேண்டும் என்பதில் எங்கள் தெருப் பெண்களுக்கும் பதில் பேச இடமில்லை. சொல்லாமல் எழுந்துவிட்டதற்குக் குளித்துத்தானே ஆகவேண்டும்!

பேரருவியில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் பாறையோடு ஒட்டி நின்றால் ஒருத்தி தலை நனையும். அதில் முறைவைத்துக் குளித்தோம். முதலில் அவமானத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மதினி, தலையில் தண்ணீர் பட்டதும் பிடரியைக் காட்டி ஆஹா என்றாள். அப்புறம் ஒரே சிரிப்பு. அவளும் நின்றாள், எல்லாரையும்விட அதிக நேரம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அருவியில் நின்றால் எல்லாருக்கும் கண் சிவக்கும். அழுதாளா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, உனக்கு வலிக்கவே இல்லையாட்டி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வலிக்காம? நல்லா வலிக்கி. அது எனக்குத் தெரியும், அதனால சொல்லுதேன். எதுக்குக் கிடைக்கலைன்னு தெரியாது. அதைச் சொல்ல மாட்டேன்." துண்டை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு எதுக்குக் கிடைச்சுதுன்னு தெரியுமா?"

மார்க் வாங்கியிருக்கேன் என்றேன். உன்னைவிட நான் கூட வாங்கியிருக்கேன் என்றாள். நான் பதில் சொன்ன விதம் பிடித்திருக்கும் என்றேன்.

"அப்படின்னு அவுக சொன்னாங்களா?"

"சொல்லலை."

"அப்பம் தெரியாதுன்னு சொல்லேன். ஒரு வார்த்தைதான?"

நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய சீட்டு. அதைக் காற்று அடித்து என் மடியில் போட்டதுபோல இவள் பேசினால்? கோபம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆவணியில் நான் பெட்டி கட்டிக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் கல்யாணம் என்னவாயிற்று என்பது எனக்கு அம்மா சொல்லித் தெரிந்தது. ஆலங்குளத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா, எங்க பையனைப் பிடிச்சிருக்காம்மா என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "தெரியாது அத்தை. பேசினாத்தான தெரியும்?" என்றிருக்கிறாள் இவள். சரி, எங்க வீட்டுக்கு வந்து அனுசரிச்சு நடந்துக்கிடுவியா? "அதுவும் தெரியாது. இன்னும் உங்க வீட்டைப் பார்க்கலையே." மாப்பிள்ளை வீட்டார் கேசரியை முடித்துவிட்டு எழுந்தார்கள். அதிலும் அந்தப் பையன் மட்டும் சிரித்தானாம். என்ன பிரயோஜனம்? அவள் அப்பா பத்து நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அவரே போய் பி.எஸ்ஸி.யில் சேர்த்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தாள். மறுபடி மதுரை. இந்த முறை இதயமும் இல்லை, குற்றாலமும் இல்லை. பேரைக் கேட்டார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள், போகலாம் என்றார்கள். மறுபடி கிடைக்கவில்லை. தெரியாது என்று சொன்னதால்தான் போன தடவை போயிற்று என்று அடித்துப் பேசிய பெரிய மனுஷர்கள் இப்போது வேறு காரணம் தேடவேண்டியிருந்தது. இந்த முறை துட்டிக்கு யாரும் வரவில்லை. பயம். அவளே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், மதினி, குளிக்கப் போவோமா என்று கூப்பிட்டாளாம். அன்றைக்கு அருவியில் நல்ல தண்ணீராம். வெட்கம் பாராமல் எல்லாரும் போயிருக்கிறார்கள்.

அதோடு அவள் விண்ணப்பிப்பதை விட்டாள். குளிக்கப் போவதை விடவில்லை. படித்து முடித்து ஆலங்குளத்தில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண் கேட்ட வீட்டுக்காரர்களின் கடைக்கணக்கு அந்த வங்கியில்தான். கவுண்டரில் இவளைப் பார்த்ததும் அந்த அம்மாள் என்னம்மா சௌக்கியமா என்று கேட்பாளாம். இவளும் நல்லா இருக்கேன் அத்தை, இது எனக்குத் தெரியும் என்பாளாம். ஒரு மொபெட் வாங்கினாள். எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசித் தெருவில் ஒரு பெண் மொபெட்டில் போனால் கடைத்தெரு முழுக்கத் திரும்பும். அவள் யாரையும் பார்க்கமாட்டாள்.

ஒவ்வொரு சீசனிலும் மருத்துவம், இன்ஜினீயரிங், விவசாயக் கல்லூரி என்று முடிவுகள் வந்ததும், கிடைக்காத பிள்ளைகளை வீடு தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிடுவாள். ஒரே ஒரு சட்டம். போகும்போதும் வரும்போதும் யாரும் காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும். பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தாம் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். "பய இங்கிலீஷ்ல திக்கிட்டான், அதான்…" என்று ஆரம்பித்த ஒரு அண்ணாச்சி அங்கேயே பஜ்ஜி கடைக்கு நடந்தார்.

இலத்தூர்ப் பையன் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல மார்க். இன்ஜினீயரிங் கிடைக்கவில்லை. நாள்கணக்காக அவன் சாப்பிடவில்லை, பேசவில்லை. வீட்டில் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தார்கள். இவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் அவனாக வாயைத் திறந்து, நான் லாயக்கு இல்லாதவன் என்றிருக்கிறான்.

"யாருலே சொன்னா?"

பையன் தலையை நிமிர்த்தியிருக்கிறான். இவள் விடவில்லை.

"கடுதாசி போட்டாங்களா? நீ லாயக்கு இல்லைன்னு எழுதியிருந்துதா? ஒண்ணும் எழுதலைலா? அவுக வாயைத் திறந்து சொல்லாததை நீ எதுக்குலே அவுகளுக்காகச் சொல்லுத? எந்திரி, குளிக்கப் போவோம்."

அவன் பஜ்ஜி தின்ற கதையை அவன் அம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என்னிடமே சொல்லி அழுதாள். நான் அப்போது எம்.பி.பி.எஸ். முடித்து பக்கத்துக் கிராமத்து அரசு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தேன். கேட்டுக்கொண்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். எனக்கும் அவளுக்கும் அப்போதும் பேச்சில்லை. தென்காசிக் கடைத்தெருவில் எதிரே வந்தால் அவள் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். எனக்கு எதற்குச் சீட்டு கிடைத்தது என்ற அந்தக் கேள்வி உள்ளுக்குள் முள்ளாக இருந்தது.

பிறகு என் முறை வந்தது. பிரசவ மருத்துவத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். அதற்காகவே வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று சொல்லவேண்டும். பரீட்சை நன்றாக எழுதினேன், இண்டர்வியூவில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இல்லை என்று ஆகிவிட்டது. என்னோடு படித்தவளுக்கு, என்னிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டுப் பாஸ் ஆனவளுக்கு, கிடைத்துவிட்டது. லீவு போட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அம்மா யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். பால்காரம்மாவிடம் சொன்னாள். அது போதுமே.

காலையில் கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அதே மதினி, தலை நரைத்திருந்தது. கையில் தூக்குச்சட்டி. அன்றைக்கு நழுவப் பார்த்த அதே சித்தி. அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, என்ன செய்ய, இவ்வளவு படிச்சும் என்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசலில் மொபெட் வந்து நின்றது.

அவள் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தோளில் துண்டோடு உள்ளே பார்த்தாள். நான் படியில் வந்து நின்றேன்.

"எதுக்குக் கிடைக்கலை?" என்றாள்.

என்னிடம் காரணங்கள் இருந்தன. எனக்கு ஆள் இல்லை. கிராமத்து ஆஸ்பத்திரி என்று இளக்காரம். கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தடுமாறினேன். நான் நினைத்த அளவு கெட்டிக்காரி இல்லையோ என்னவோ. கதவைச் சாத்திக்கொண்டு இதையெல்லாம்தான் மாற்றி மாற்றி எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் தொண்டைவரைக்கும் வந்தன. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அதில் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் யாரு சொன்னா என்று கேட்பாள். யாரும் சொல்லவில்லை.

"தெரியாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது தோற்றவள் சொல்கிற வார்த்தை இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

"அப்பம் அன்னைக்கு உனக்குக் கிடைச்சது எதுக்கு?"

"அதுவும் தெரியாதுட்டி."

அவள் சிரிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, அதெல்லாம் அவளுக்கு வராது. "இதைச் சொல்லுததுக்கு உனக்கு இத்தனை வருசமா? ஏறு" என்று பின்சீட்டைத் தட்டினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்தேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். என்ன பதில் வரும் என்று அம்மாவுக்கே தெரியும். மதினி முந்தானையை உதறிக்கொண்டு, பழையபடி சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதற்கு எழுந்துகொண்டிருந்தாள்.

நான் வாசலில் திரும்பி நின்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்:

"போயிட்டு வாரேன்."